இசைவும் அந்தரங்கமும்: ஆராய்ச்சிக்கு ஆளாகும் நம் மாணவர்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பதும், உழைத்தோரைப் போற்றுவதும் மரபு. அப்பணியை எனக்கு முன் பேசிய அன்பர்கள் செம்மையாக நிறைவேற்றிவிட்டார்கள். ஆகவே, எனக்கு அளிக்கப்பட்டுள்ள நேரத்தை நாம் விரைவில் விடை காணவேண்டிய ஒரு கேள்விக்குப் பயன்படுத்திக்கொள்ள விழைகின்றேன். அது நம் சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் உள்ள கோப்புகளைப் பற்றியது.

அக்கோப்புகளில் இருப்பவை யாவை? இச்சங்கத்தின் உதவித்தொகை பெற்று உயர்கல்விக்குச் சென்ற நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள். தந்தையின் தொழில், வருமானம், கடன், வீட்டின் நிலை ஆகியவற்றோடு, "உதவி வேண்டுவதற்கான காரணம்" என்ற தலைப்பின்கீழ் ஒரு பக்கமும் அதில் உண்டு. தந்தை குடிக்கு அடிமையானதை எழுதிய பிள்ளை உண்டு. தாயின் நோயை எழுதிய பிள்ளை உண்டு. கணவன் வீட்டிலிருந்து திரும்பிவந்த அக்காளின் துயரத்தை எழுதிய பிள்ளை உண்டு. பதினேழு வயதில், பணம் கட்டவேண்டிய கடைசி நாளுக்கு முன்னால், நம்மை நம்பி எழுதிய எழுத்து அது.

இப்பொழுது ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர், முதல் தலைமுறைப் பட்டதாரிகளைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்காக, அவ்விண்ணப்பங்களைப் படியெடுத்துக்கொள்ள இசைவு வேண்டி நம் செயலாளருக்கு மடல் எழுதியிருக்கின்றார். பணிவான மடல், நல்ல நோக்கம். இது பற்றி நிர்வாகக் குழுவில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. "நம் சங்கத்தின் தொண்டு நூலில் ஏறும், கொடுப்போம்" என்பது ஒன்று. "வெளியார் நம்மை எழுதியதெல்லாம் போதும், கொடுக்க வேண்டா" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு சாராரும் ஒரு வினாவைக் கேட்கவில்லை. அவ்விண்ணப்பத்தை எழுதிய பிள்ளை என்ன சொல்லும் என்பதே அவ்வினா.

நான் ஆராய்ச்சியாளன் அல்லேன். பி.ஏ., பி.எட். படித்து, அரசுப் பள்ளியில் கரும்பலகையின் முன் நின்றே தலை நரைத்தவன். ஆயினும், ஆராய்ச்சி செய்வோர் பக்கத்தில் படித்தவர் பலர் இருக்க, செய்யப்படுவோர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேசவேண்டும் அல்லவா?

நம் மாவட்டமும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்து எழுதினார். அளக்கப்பட்டவர் "எதற்காக என் மூக்கை அளக்கின்றீர்?" என்று கேட்கும் நிலையில் இல்லை. அந்த அளவுகளால் அளக்கப்பட்டவர்க்கு ஒரு பிடி நெல்லும் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் நம் செங்கற்பட்டிலேயே வேறு வகையான ஆராய்ச்சியும் நடந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லாதிருந்ததை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நிலங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. நூறு ஆண்டுகள் கழித்து, கடற்கரைப் பக்கத்துக் காரணை மக்கள் அந்நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்நீத்தனர். அப்போராட்டத்திற்கு அடிப்படையாய் நின்றது அந்தப் பழைய ஆணைதான்.

தர்ஸ்டன் அளந்தது நம் உடலை. திரமென்ஹீர் அளந்தது நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர் ஆராய்ச்சியை அறியாதவர் ஆவார். ஆகவே "எல்லா ஆராய்ச்சியும் தீது" என்னும் கூற்றை நான் ஏற்பதற்கில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டும் நம் மண்ணைச் சேர்ந்ததே. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு பயன் தருகின்றது என்பதைக் கண்டறிய, 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் சோதனை ஒன்று தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதனை நடத்தியது. சுமார் 3,60,000 மக்கள் வாழும் ஊர்கள் அதில் அடங்கின. ஒரு சாராருக்கு உண்மை மருந்தும் மற்றொரு சாராருக்கு மருந்தில்லா வெற்று ஊசியும் போடப்பட்டன; யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. விருப்புவெறுப்பின்றி உண்மை காண அம்முறை தேவையே. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே வியக்கவைத்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் விவரம் 1999இல் வெளியாயிற்று. உலகெங்கும் மருத்துவ நூல்களில் "செங்கற்பட்டுச் சோதனை" என்று நம் ஊர்ப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான அறநெறிக் கூற்றை அதே ஆராய்ச்சிக் கழகம் முதன்முதலாக வெளியிட்டது 1980இல். அதாவது, சோதனை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே நெறி எழுதப்பட்டது. இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. கையை நீட்டியவன் பெயரில்லாத எண்ணாகவும், ஊசி போட்ட நிறுவனம் பெயருள்ள புகழாகவும் வரலாற்றில் நின்றுவிடுவதைச் சுட்டவே சொல்கின்றேன். கையை நீட்டியவனுக்கும் முடிவைத் தன் மொழியில் கேட்டறியும் உரிமை உண்டு.

பூட்டைத் திறந்தது யார்?

இனி அயல்நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னுமிடத்தில், 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், ஏழைக் கறுப்பின ஆடவர் சுமார் 600 பேரை வைத்து மேகநோய் ஆராய்ச்சி நடந்தது. "உங்களுக்குக் கெட்ட இரத்தம், வைத்தியம் பார்க்கின்றோம்" என்று சொன்னார்கள். பென்சிலின் என்னும் நல்ல மருந்து வந்த பின்னரும் அதனைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகின்றது என்று பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அது நின்றது. 1997இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கோரினார்.

பலரும் அறிந்த கதை இது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்த ஆராய்ச்சிக்கு இடமும் துணையும் தந்தவற்றுள் ஒன்று டஸ்கீகிக் கல்வி நிலையம். புக்கர் வாஷிங்டன் என்னும் கறுப்பினப் பெருமகன் 1881 முதல் தலைமை தாங்கி வளர்த்த, கறுப்பின மக்களின் சொந்தக் கல்விக்கூடம் அது! தங்கள் நிறுவனத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையே ஆராய்ச்சியாளர்க்கு வாயிற்படியாயிற்று. தோழர்களே, நம் சங்கத்தின்மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும் அத்தகையதே. அந்நியன் தட்டினால் திறக்காத கதவு, நாம் அழைத்துச் சென்றால் திறக்கும். அதனால்தான் நம் பொறுப்பு அந்நியனின் பொறுப்பைவிடப் பெரிது என்கின்றேன்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அது என் போன்ற தலைமையாசிரியர்களின் உறக்கத்தைக் கெடுக்கவேண்டிய நிகழ்ச்சி. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுடைய சுமார் 14,000 சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் ஒன்றை அமெரிக்க அமைப்பு ஒன்று நடத்தியது. அச்சிறுமியருள் பழங்குடிப் பிள்ளைகளும் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளும் பலர். 2010 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த சில மரணங்களுக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று அரசின் விசாரணைக் குழு கூறிற்று. அத்தடுப்பூசியும் இன்று உலகெங்கும் நல்ல மருந்தென்று ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே குறை மருந்தில் இல்லை. குறை இசைவில் இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, பார்வையிடப்பட்ட 9,543 இசைவுப் படிவங்களுள் 1,948இல் கைந்நாட்டு மட்டும் இருந்தது. 2,763இல் விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ கையொப்பமிட்டிருந்தனர்.

பெற்ற தாய் காட்டிலோ வயலிலோ வேலை செய்துகொண்டிருக்க, அவள் மகளின் உடம்புக்கு நாம் கையொப்பமிடலாமா? பள்ளியின் முத்திரையை அரசு என்னிடம் கொடுத்திருக்கின்றது. பிள்ளையின் உடம்பையும் அதன் வீட்டுத் துயரத்தையும் யாரும் என்னிடம் எழுதிக் கொடுக்கவில்லை. மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடும் கை, இசைவுப் படிவத்தில் இடத் தயங்கவேண்டும். இது தலைமையாசிரியர்க்குப் பொருந்துமானால், சங்கச் செயலாளருக்கும் பொருந்தும்.

கல்லூரி மாணவர் சுதந்திரமாக இசைகின்றாரா?

"பள்ளிப் பிள்ளைக்குப் பெற்றோர் வேண்டும், பதினெட்டு நிரம்பிய கல்லூரி மாணவர் தாமே முடிவெடுக்கலாமே" என்று கேட்பீர்கள். சட்டப்படி அது சரியே. ஆனால் நடைமுறை என்ன?

வகுப்பெடுக்கும் பேராசிரியரே வினாப்படிவத்தை நீட்டுகின்றார். அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கின்றது. நற்சான்றும் ஆய்வுக்குப் பதிவும் அவர் கையில்தான். "விருப்பமுள்ளவர் மட்டும் நிரப்பலாம்" என்று படிவத்தில் அச்சிட்டிருக்கும். நம் மாணவி வகுப்பில் ஒருத்தி மட்டும் நிரப்பாமல் திருப்பிக் கொடுப்பாளா? ஏற்கெனவே "உதவித்தொகையில் படிப்பவள்" என்று சுட்டப்படுபவள் அவள். அவள் கையொப்பம் விருப்பமா, அச்சமா, நன்றிக்கடனா? அச்சத்தில் இட்ட கையொப்பத்திற்கு இசைவு என்று பெயரிட முடியாது.

இதை நான் மட்டும் கூறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டி, மேலதிகாரத்திற்குக் கீழ்ப்பட்டு மறுக்க இயலாத நிலையில் உள்ளவர்களுள் மாணவரையும் சேர்த்துக் கூறுகின்றது. கைதிக்கும் மாணவனுக்கும் ஒரே பத்தியில் பாதுகாப்பு தேவைப்படுகின்றது என்றால், அதன் பொருளை நாம் சிந்திக்கவேண்டும்.

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது ஒரு சோதனை. நாளொன்றுக்கு 15 டாலர் ஊதியம் பேசி, கல்லூரி இளைஞர் 24 பேரைத் தெரிந்தெடுத்து, சிலரைக் கைதியாகவும் சிலரைக் காவலராகவும் போலிச் சிறையில் நடிக்கவைத்தார்கள். அனைவரும் கையொப்பமிட்டவர்களே. இரண்டு வாரம் நடக்கவேண்டியது, கொடுமை மிகுந்ததால் ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஒப்புக்கொண்டவன் நடுவில் "போதும், நான் போகின்றேன்" என்று சொல்லும் வழி திறந்திருக்கவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். உள்ளே நுழையும் வாசல் மட்டும் இருந்து, வெளியேறும் வாசல் இல்லாத வீட்டில் நம் பிள்ளையைக் கால்வைக்க விடுவோமா?

பெயரை மறைத்தால் போதுமா?

"பெயரை எழுதமாட்டோம்" என்பது ஆராய்ச்சியாளர் வழக்கமாகத் தரும் உறுதி. பெரும்பாலோர் அதை நேர்மையாகவே தருகின்றார்கள். ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்களாய் இருக்கும் நமக்கு அந்த உறுதி மட்டும் போதாது. "இயற்பியல் துறை, இரண்டாம் ஆண்டு, ஆதிதிராவிடர், பெண், மாமல்லபுரம் கடற்கரைக் கிராமம்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிட்டால் என்ன பயன்? அத்துறையில் அந்த ஆண்டில் அப்படிப்பட்ட பெண் ஒருத்திதான் இருப்பாள். நூறு பேர் கொண்ட கூட்டத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறைவான். ஒருவனே இருக்கும் இடத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறையமாட்டான்.

இது வெறும் கற்பனையன்று. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு சேர்ந்த மாணவர்கள் முகநூலில் இட்டிருந்த விவரங்களைத் திரட்டி, அவர்தம் பெயரை நீக்கி, பல்கலைக்கழகத்தின் பெயரையும் மறைத்து, 2008இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அது ஹார்வர்டு பல்கலைக்கழகம் என்பதைப் பிறர் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கு மட்டுமே உள்ள பாடப்பிரிவுகளின் பெயர்களும் அது போன்ற குறிப்புகளுமே காட்டிக்கொடுத்தன. அம்மாணவர்களின் இசைவும் பெறப்படவில்லை. உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்து மாணவர்க்கே இது என்றால், காலனித் தெருவிலிருந்து தனியொருவராய்க் கல்லூரி செல்லும் நம் பிள்ளைக்கு என்ன காப்பு?

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் நெடுங்காலமாக உள்ளதை நீங்கள் அறிவீர்கள். அந்நோய் குணமாகக்கூடியது. ஆனால் "அந்த வீட்டில் ஒருவர் திருமணிக்குப் போய்வந்தார்" என்ற ஒரு சொல், அவ்வீட்டுப் பெண்ணின் திருமணத்தை நிறுத்திய காலம் இருந்தது. அந்தரங்கம் என்பது பணக்காரரின் ஆடம்பரம் என்று சிலர் எண்ணுகின்றார்கள். மாறாக, ஏழைக்குத்தான் அது இன்றியமையாதது. வசதியுள்ளவன் வேறு ஊருக்குக் குடிபோவான். நம் பிள்ளைகள் அதே தெருவில்தான் வாழவேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வினாப்படிவக் கட்டோடு வந்தார். முதல் வரியில் மாணவர் பெயர், அடுத்த வரியில் சாதி, எட்டாவது வினா "உன் தந்தை மது அருந்துவாரா?" என்பது. "தம்பி, பெயரும் எட்டாவது வினாவும் ஒரே தாளில் எதற்கு?" என்று கேட்டேன். அவர் சற்றுச் சிந்தித்து, "ஐயா, பெயர் தேவையே இல்லை. இதுவரை எந்தப் பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் யோசிக்கவில்லை" என்றார். பெயர் நீக்கப்பட்டது, பெற்றோர்க்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்பப்பட்டது, விரும்பாத பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்குச் சென்றார்கள். ஆய்வும் நடந்தது. நாம் கேட்டால் பெரும்பாலான ஆராய்ச்சியாளர் திருத்திக்கொள்கின்றார்கள். கேட்பாரின்மையே பெருங்குறை.

ஆராய்ச்சி வேண்டும், ஆனால் நம்மோடு

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. "அந்தரங்கம், அந்தரங்கம்" என்று எல்லாக் கதவையும் அடைத்துவிட்டால் நமக்கே கேடு. தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் படும் இன்னலை ஆராய 2006இல் பேராசிரியர் சுகதேவ் தோராட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மாணவர்கள் வாய்திறந்து பேசியதனால்தான் விடுதியிலும் வகுப்பிலும் நிலவிய வேற்றுமையை 2007இல் அக்குழுவின் அறிக்கை நாட்டுக்கு எடுத்துக்காட்டிற்று. 2016 சனவரி 17இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உயிர்நீத்த பின், உயர்கல்விக்கூடங்களில் நம் மாணவர் நிலை என்ன என்ற வினா மேலும் ஓங்கி ஒலித்தது. அதற்கு விடை காண ஆராய்ச்சி இன்றேல் வழியில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோதும், தமிழகக் கடலோரத்துத் தலித் மக்களின் இழப்பு நிவாரணக் கணக்கில் உரியவாறு ஏறவில்லை என்பதைக் களஆய்வுகளே வெளிக்கொணர்ந்தன. எண்ணப்படாதவன் இல்லாதவனாகிவிடுகின்றான்.

ஆகவே எண்ணப்படவும் வேண்டும், இழிவுபடாமலும் இருக்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு? அதற்கும் ஒரு மாணவி வழிகாட்டியிருக்கின்றாள்.

அமெரிக்காவின் மாபெரும் பள்ளத்தாக்கில் வாழும் அவசுபாய் என்னும் பழங்குடியினரிடம், 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரத்தம் பெற்றார்கள். நீரிழிவு நோயை ஆராய்வதாகவே மக்கள் எண்ணினார்கள். ஆனால் படிவத்தில் இருந்த வாசகம் அகலமானது. அந்த இரத்தத்தைக் கொண்டு மனநோய் பற்றியும், அம்மக்களின் பூர்வீகம் பற்றியும் வேறு ஆய்வுகள் நடந்தன. 2003இல் அப்பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரை நிகழ்ந்தபோது, அக்குலத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலோசி என்னும் மாணவி அவையில் அமர்ந்திருந்தார். எழுந்து, "இதற்கு எங்கள் மக்களிடம் இசைவு பெற்றீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி வழக்காக வளர்ந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் இழப்பீடு தந்து, இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

அவையின் உள்ளே நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தால்தான் இக்கேள்வி எழும். வெளியே நின்று கேட்டால் காவலாளிக்குத்தான் கேட்கும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி வருவது வேலைக்காக மட்டுமன்று. இக்கேள்வியை எழுந்து கேட்பதற்காகவும்தான்.

சட்டமும் நம் கடமையும்

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கணினியில் ஏறும் தனிமனித விவரங்களைக் காப்பதற்கான சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. இசைவு என்பது சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கானதாகவும், விவரம் அறிந்து தருவதாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளும் அதில் உண்டு. சட்டம் தரும் விலக்கு அறம் தரும் விலக்காகிவிடாது.

மாணவச் செல்வங்களே, வினாப்படிவமோ ஒலிப்பதிவுக் கருவியோ உங்கள்முன் நீட்டப்படும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இது எதற்காக? என் சொற்களும் விவரங்களும் எங்கே, எத்தனை ஆண்டு இருக்கும், யார் பார்ப்பர்? நான் மறுத்தால் என் மதிப்பெண்ணுக்கும் விடுதிக்கும் ஏதேனும் நேருமா? நடுவில் விலகினால் நான் சொன்னதை அழிப்பீர்களா? முடிவை எங்களுக்குத் தமிழில் தருவீர்களா? இவ்வைந்துக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்பவரை மனமார வரவேற்று உதவுங்கள். நாளை நீங்களே ஆராய்ச்சியாளர் ஆகும்போது, இருளர் குடியிருப்புக்கோ மீனவர் குப்பத்துக்கோ நம் காலனிக்கோ செல்லும்போது, இதே ஐந்து கேள்விகளுக்கு விடையோடு செல்லுங்கள்.

இனி அலமாரிக் கோப்புகளுக்கு வருகின்றேன். நிர்வாகக் குழுவின் ஆய்வுக்கு என் கருத்தைப் பணிவுடன் வைக்கின்றேன். அவ்விண்ணப்பங்கள் உதவித்தொகைக்காகப் பெறப்பட்டவை; ஆராய்ச்சிக்காகப் பெறப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றை அப்படியே படியெடுக்கத் தருவது தகாது. அதே சமயம் அந்த ஆராய்ச்சி மாணவரை வெறுங்கையோடு அனுப்புவதும் தகாது. ஆய்வின் நோக்கத்தை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதித்தரும்படி அவரைக் கேட்போம். அதனோடு நம் கடிதத்தையும் சேர்த்துப் பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். விருப்பமுள்ளவர் அவரோடு தாமே நேரில் பேசட்டும். எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் எந்தத் துறையில் என்னும் தொகைக் கணக்கை மட்டும் சங்கமே தொகுத்துத் தரட்டும். அதிலும் ஒருவர் இருவர் மட்டுமே உள்ள வகைகளைத் தனித்துக் காட்ட வேண்டா.

"இத்தனை பேருக்குக் கடிதம் எழுதுவது எளிதா? பலர் முகவரி மாறிவிட்டதே" என்பார்கள். எளிதன்றுதான். வீடுவீடாகச் சென்று நன்கொடை திரட்டியதும் எளிதாயிருக்கவில்லை, ஆயினும் செய்தோம். கண்டுபிடிக்க முடியாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. அவர் விண்ணப்பம் அலமாரியிலேயே இருக்கட்டும். "ஏழைப் பிள்ளைகள், கேட்டால் மறுக்கவா போகின்றார்கள்?" என்பாரும் உண்டு. மறுக்கமாட்டார்கள் என்பதனாலேயே கேட்கவேண்டும். மறுக்க வல்லவனைக் கேட்பது வழக்கம். மறுக்க இயலாதவனைக் கேட்பதே அறம்.

மேலும் ஒன்று. இனி வரும் உதவித்தொகை விண்ணப்பங்களில், "உதவி வேண்டுவதற்கான காரணம்" என்ற அந்த முழுப்பக்கம் தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். வருமானச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் போதுமாயின், ஒரு பிள்ளை தன் வீட்டுத் துயரத்தை எழுதிக்காட்டித்தான் பணம் பெறவேண்டும் என்பதில்லை. பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை நம் படிவத்திலிருந்தே தொடங்குவோம்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, 1893இல் "பறையன்" என்னும் பெயரிலேயே இதழ் நடத்திய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், நம் மக்களைக் கூட்டி, விளக்கி, கையொப்பங்கள் திரட்டி, இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார். படிப்பறிவு அரிதாயிருந்த காலம் அது. நம் மக்களின் கையொப்பத்திற்கு ஒரு மதிப்பு உண்டு என்று உலகுக்கு அறிவித்த செயல் அது. அத்தலைவர் பிறந்த மாவட்டத்தில் வாழும் நாம், நம் பிள்ளைகளின் கையொப்பத்தை அவர்களைக் கேளாமல் யாருக்கும் ஈடு வைக்கலாகாது.

இக்கருத்துகளை நிர்வாகக் குழு சீர்தூக்கி, நல்ல முடிவெடுக்குமென நம்புகின்றேன்.